கங்காணி வேசத்துக்கு அடிபிடி

முதியோர் எழுத்தறிவு வகுப்பில் நாடகம் நடத்தப் போகிறவர் கையோடு ஒரு நாற்காலியும் கொண்டுபோவது நல்லது. பலகை, சாக்பீஸ், அரிக்கேன் விளக்கு எல்லாம் ஊரில் எப்படியாவது கிடைத்துவிடும். நாற்காலியும் கிடைக்கும். ஆனால் அது யாரோ ஒருவர் வீட்டு நாற்காலியாக இருக்கும். கொடுத்தவர் ஒத்திகை பார்க்க வருவார். முதலாளி வேசம் போட்டு அதில் உட்காரப்போகிறவன் கீழத்தெருப் பையன் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறும். போடிநாயக்கனூரை அடுத்த ஓர் ஊரில் அப்படி ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "நாடகம் முடிஞ்சதும் எந்திரிச்சிருவான்லத்தா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பையனும் சிரித்தான். ஆனால் அன்று முழுக்க நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தே வசனம் பேசினான். நன்றாகச் சாய்ந்து உட்காரப்பா என்று எவ்வளவு சொல்லியும் அவன் முதுகு நாற்காலியில் படவில்லை. அதன்பிறகு எங்கள் வீட்டு மடக்கு நாற்காலியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

என்னை நாடகக்காரி ஆக்கியது அறிவொளி இயக்கம். 1988-ல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சூடு தமிழ்நாட்டுக்கும் வந்தது. புதுக்கோட்டையில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட செய்தி பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த காலம். தேனி மாவட்டம் அப்போது பிறக்கவில்லை. 1996-ல் பிரியும்வரை நாங்கள் மதுரை மாவட்டத்துக்காரர்கள்தான். தொண்டர்கள் வேண்டும் என்றார்கள். சம்பளம் கிடையாது. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு வீட்டைவிட்டு வெளியே போக அதைவிட மரியாதையான சாக்கு வேறு இல்லை.

அப்பா ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் கணக்கு எழுதினார். சம்பளம் பெரிதில்லை. ஆனால் சனிக்கிழமை கூலிப் பட்டுவாடாவில் பேரேட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பவர் அவர்தான். அவர் பேனாவைத் திறக்கும்வரை வரிசையில் நிற்கும் யாரும் பேசமாட்டார்கள். வகுப்புக்குப் போன முதல் நாளே என்னை "கணக்குப்பிள்ளை மக" என்று கண்டுபிடித்துவிட்டார்கள். நான் யார் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இயக்கத்தின் முகம் கலைப்பயணம். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980-ல் தொடங்கிவைத்த வடிவம் அது. ஒரே நிற ஜிப்பா, ஒரு தப்பு, ஒரு டோலக். வேனில் ஊர் ஊராகப் போய் மந்தையில் இறங்கிப் பாட்டு, குட்டி நாடகம், பேச்சு, அடுத்த ஊர். 1990-ல் நாடு முழுவதும் ஓடிய பாரத ஞான விஞ்ஞான ஜாதாவில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இந்த வடிவத்தை இங்கே பரப்பியது. சிலமலை, ராசிங்காபுரம், டொம்புச்சேரி என்று நாங்களும் போனோம். அந்தக் காலத்துக் கலைக்குழுக்கள் எல்லாவற்றிலும் கூலிக்காரர் பாத்திரத்துக்கு ஒரே இலக்கணம்தான் இருந்தது. முதுகு வளைந்திருக்கும், கை கூப்பியிருக்கும், குரல் தழுதழுக்கும். எங்கள் குழுவில் அந்த வேசம் போட்டவர் கல்லூரி மாணவர். அவர் அழுத இடத்தில் பெண்கள் பக்கம் களுக்கென்று சிரிப்பு. முடிந்ததும் ஒரு பாட்டி வந்து சொன்னார்: "காய் எடுக்கும்போது குனிவோம். மத்த நேரம் நிமிந்துதானப்பா நடப்போம். நீ என்னத்துக்கு டீக்கடைக்குப் போகும்போதும் குனிஞ்சுக்கிட்டே போற?"

ஏலத்தோட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏலச்செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். ஆனால் காய் உச்சியில் இல்லை. தண்டின் அடியிலிருந்து புறப்பட்டுத் தரையோடு படரும் சரங்களில்தான் காய்க்கும். அதனால் காய் எடுப்பவர் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். எல்லாக் காயும் ஒன்றாக முற்றாது. மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை அதே செடிக்குத் திரும்பி வரவேண்டும். முற்றியது எது, பிஞ்சு எது என்பதை விரல்தான் சொல்லும். பாட்டி கேட்டது நடிப்பைப் பற்றிய விமர்சனம் மட்டுமில்லை. வேலையின் குனிவு வேறு, ஆளின் குனிவு வேறு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

கலைப்பயணம் போய்விடும், வகுப்பு இருக்கும். என் வேலை வகுப்பில்தான் தொடங்கியது. படிக்க வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், மலைக்குப் போகிறவர்கள். விடியும் முன் எழுந்து சோறாக்கித் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ஜீப் ஏறுவார்கள். ஜீப்பில் எத்தனை பேர் என்பதை முந்தல் செக்போஸ்டில் எண்ணிப்பார்த்தால் யாருக்கும் நல்லதில்லை. 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டு, அதைத் தாண்டிக் கேரளத்தில் பூப்பாறை, சாந்தன்பாறை. அட்டைக்கடி, மழை. இருட்டியபின் திரும்பி வந்து மறுபடி அடுப்பு. அதற்கும் பிறகுதான் அகர முதலாக எழுத்து. இவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து எழுத்துக் கூட்டச் சொன்னால் பத்து நிமிடத்தில் தலை சாய்ந்துவிடும். எழுந்து நின்று எதையாவது செய்யவைத்தால்தான் தூக்கம் கலையும். நாடகத்தை நான் கையில் எடுத்ததற்குத் தத்துவக் காரணம் ஒன்றும் கிடையாது, தூக்கம்தான் காரணம். கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் பெயரெல்லாம் பின்னால் பயிற்சி முகாமில் கேள்விப்பட்டது.

நாடகம் என்றதும் தடை வந்தது. படிக்கப்போகிறேன் என்றால் தடுக்காத புருசன்மார், "கூத்தாடப் போறியா?" என்று கேட்டார்கள். இந்த வட்டாரத்தில் நாடகம் தெரியாதவர் கிடையாது. பங்குனி, சித்திரையில் கோயில் பொங்கல் என்றால் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம். பெரும்பாலும் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை, மேடையில்தான் சந்திப்பார்கள். பாட்டும் தர்க்கமும் அவரவர் நாக்கில் தயாராக இருக்கும். ஊரே உட்கார்ந்து ரசிக்கும். விடிந்ததும் அதே ஸ்திரீபார்ட்டைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சே வேறு. எங்கள் வீடும் விலக்கில்லை. கலைப்பயணத்தில் நான் தப்பு அடித்ததைக் கேள்விப்பட்ட அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பறை வாசிப்பதைக் கலை என்று சொல்ல ஊர் இன்னும் பழகியிராத காலம்.

ஆக, எழுத்து கற்றால் ஒரு படி மேலே, மேடை ஏறினால் ஒரு படி கீழே. இரண்டையும் ஒரே வகுப்பில் வைத்தால் எப்படி? மலைக்கு ஜீப்பில் முன்பின் தெரியாத ஆண்களோடு நெருக்கியடித்துப் போவதில் கெடாத மானம், மந்தையில் நாலு பேர் முன் நின்று பேசினால் கெட்டுவிடும் என்று பெண்களும் நம்பினார்கள். நாங்கள் மந்தைக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு எங்களுக்குள் நடித்தோம். பார்ப்பவர்களும் நாங்களே. அறிவொளிக் கணக்கில் அதை நாடகம் என்று எழுத முடியாது. பார்வையாளர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் என்னத்தைப் போடுவது?

கதவைச் சாத்தியதும் நடந்ததுதான் விசேசம். உங்களுக்கு யார் வேசம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கூலிக்காரி வேசத்தைச் சீண்ட ஆளில்லை. கங்காணி வேசத்துக்கு அடிபிடி. அடுத்தபடியாக முதலாளி, முதலாளி வீட்டம்மா, ரேசன் கடைக்காரர், கம்பவுண்டர். கடைசியில் ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, பேனா மூடியைக் கழற்றி அதன் மறுமுனையில் செருகி, தலை நிமிராமல், "பேரு?" என்றாள். என் அப்பா! பேனா மூடியைச் செருகும் அந்த ஒரு விநாடித் தாமதம்கூட அப்படியே இருந்தது. இருபது வருசம் அவரோடு ஒரே வீட்டில் இருந்த எனக்கு அதைச் செய்துகாட்டத் தெரியாது.

நடிப்புப் பள்ளிகளில் மாதக்கணக்கில் கற்றுக்கொடுக்கும் கவனிப்பு இவர்களிடம் வாழ்க்கைத் தேவையாகவே இருந்தது. முதலாளி துண்டை எந்தத் தோளில் போட்டால் என்ன மனநிலை, கங்காணி செருமினால் அது யாருக்கு எச்சரிக்கை என்பதெல்லாம் தெரியாமல் அங்கே காலம் தள்ள முடியாது. மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவளின் நடையைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. கலைப்பயணத்தில் எங்கள் கல்லூரி மாணவர் கோட்டைவிட்டதும் கதவைச் சாத்திய வகுப்பில் இவர்கள் வெளுத்துவாங்கியதும் இதே காரணத்தால்தான். பின்னாளில் கீத் ஜான்ஸ்டன் என்ற நாடகப் பயிற்சியாளர் அந்தஸ்து என்பது உடம்பால் ஆடும் ஆட்டம் என்று 1979-லேயே புத்தகம் எழுதியிருப்பதை அறிந்தேன். நல்ல புத்தகம். அவர் எங்கள் வகுப்புக்கு வந்திருந்தால் குறிப்பெடுத்துக்கொண்டு போயிருப்பார்.

சரி, இப்போது உங்களையே நடியுங்கள் என்றேன். அங்கேதான் நின்றுபோனது.

பயிற்சி மிக எளிது. வாசலிலிருந்து நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பெயரைச் சொல்லி, இன்று காலையிலிருந்து செய்ததைச் சொல்ல வேண்டும். இன்னார் பெண்டாட்டி என்று ஒருத்தி சொன்னாள். பிள்ளை பெயரைச் சொல்லி அவன் அம்மா என்றாள் இன்னொருத்தி. "எஸ்டேட்டுல எழுதியிருக்க பேரா, வீட்டுப் பேரா?" என்று கேட்டவள் உண்டு. பேரேட்டில் ஒரே பெயர் இரண்டு மூன்று வந்தால் கணக்குப்பிள்ளை நீட்டியோ குறைத்தோ வேறொன்று எழுதிவிடுவார், அதுவே நின்றுவிடும். முதலாளியாக வந்தபோது கையை எங்கே வைப்பது என்று தெரிந்தவளுக்குத் தானாக வந்தபோது கை என்ன செய்வதென்று தெரியவில்லை. முந்தானையைத் திருகினாள், பிறகு சிரித்து ஓடிவிட்டாள். படித்த நாம் இந்த இடத்தில் அவசரப்பட்டுப் பரிதாபப்படுவோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னை வந்து செய்யச் சொன்னார்கள். நானும் நடந்து போய் உட்கார்ந்து பெயரைச் சொன்னேன். "டீச்சர் மாதிரியே உக்காருது" என்றார் ஒரு பெரியம்மா. நான் அப்போது எந்தப் பள்ளியிலும் டீச்சராக இல்லை. அந்த உட்காரல் எனக்கும் யாரோ கொடுத்ததுதான்.

கையெழுத்துப் போடக் கற்ற வாரங்களில் இந்தப் பயிற்சி கொஞ்சம் இளகியது. ஒரு பாட்டாளி கையெழுத்துப் போடுவதை அறிவொளி மேடைகளில் பெரிய வெளிச்சமாகச் சொல்வார்கள். அதற்குள் சின்னச் சின்னக் கணக்குகள் உண்டு. கைநாட்டு வைக்கும்போது கட்டை விரலைப் பிடித்து மையில் தோய்த்து அமுக்குவது இன்னொருவர் கை. கையெழுத்துக்கு யாரும் விரலைப் பிடிக்க முடியாது. அதை நடித்துப் பார்த்தோம். முதலில் கைநாட்டு, பிறகு கையெழுத்து, இரண்டிலும் எதிரே ஒரே கணக்குப்பிள்ளை. அப்பா வேசம் போட்டவள், கையெழுத்துக் காட்சியில் வேண்டுமென்றே பேனாவைக் கொடுக்கத் தாமதித்தாள். எதிரே நின்றவள் காத்திருந்தாள். இருவரும் அந்தக் காத்திருப்பை இழுத்துக்கொண்டே போனார்கள். நான் எழுதியிருந்த காட்சியில் அது இல்லவே இல்லை.

அகஸ்டோ போவால் பிரேசில்காரர். 1973-ல் பெருவில் நடந்த எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தபோதுதான், பார்வையாளரே எழுந்து வந்து நடிகரின் இடத்தைப் பிடித்துக் கதையை மாற்றும் முறையை வளர்த்தெடுத்தார். பயிற்சி முகாமில் இதைக் கற்றுக்கொண்டு உற்சாகமாக வகுப்புக்குக் கொண்டுவந்தேன். காட்சி இதுதான்: மழையில் காய் எடுக்கும் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, கங்காணி உட்காரவிட மாட்டேன் என்கிறார். யாராவது வந்து அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று வேறு என்ன செய்யலாம் என்று காட்டுங்கள். ஒருவரும் வரவில்லை. "கங்காணி எடத்துக்கு வரலாமா?" என்றார்கள். போவால் விதிப்படி ஒடுக்குபவரை மாற்றக் கூடாது. மாற்றினால் அது மந்திரம், அரசியல் இல்லை. விதியை மூட்டைகட்டிவிட்டு வரட்டும் என்றேன்.

வந்தவள் நல்ல கங்காணி ஆனாள். உடம்பு சரியில்லாதவளை உட்காரச் சொன்னாள். அடுத்தவளும் உட்கார்ந்தாள். மூன்றாமவள் அட்டைக்கடி என்றாள், அவளும் உட்கார்ந்தாள். நல்ல கங்காணிக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது முதலாளி வேசக்காரி நாற்காலியிலிருந்து கேட்டாள்: "இன்னிக்கு எத்தன கிலோ?" பச்சைக் காய் ஐந்து கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ ஆகும், முதலாளிக்கு அந்தக் கணக்கு விரல்நுனியில். நல்ல கங்காணி விழித்தாள். முதலாளியைப் பார்த்தாள், உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். திடீரென்று திரும்பி, தன் கூட்டாளிகளைப் பார்த்தே கத்த ஆரம்பித்தாள்: "எந்திரிங்கடி!" நாங்கள் நிறுத்தவில்லை. காட்சி முடிந்ததும் அவள் மூச்சு வாங்கியபடி சொன்னாள்: "அந்தாளு ஏன் எப்பவும் கொலைக்கிறாருன்னு இப்பத்தான் தெரியுது. அதுக்காக அவரு நல்லவருன்னு நான் சொல்லல."

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் நான் இந்த வேலையை விடாமல் இருக்கிறேன் என்றுகூடச் சொல்வேன். ஏணியின் ஒவ்வொரு படியும் எப்படி அடுத்த படியின் மேல் நிற்கிறது என்பதை அவள் ஏறிப் பார்த்துவிட்டாள். பார்த்ததால் மனம் இளகி மன்னித்துவிடவில்லை. வர்க்கம் பற்றி நான் படித்த துண்டுப் பிரசுரங்களில் இந்த இரண்டும் ஒன்றாக வந்து பார்த்ததில்லை.

இந்தச் சரிவில் பாட்டும் நாடகமும் வர்க்கம் பேசுவது புதிதில்லை. 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல். கேரளத்தில் ஆட்சியிலிருந்த கம்யூனிஸ்ட் கட்சிக்கு அது மானப் பிரச்சினை. தோட்டத் தொழிலாளர்கள் பெரும்பாலும் தமிழர்கள். மலையாள மேடைப் பேச்சு அவர்களிடம் எடுபடாது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் ஆர்மோனியத்தோடு மலை ஏறினார். சினிமா மெட்டுகளில் கூலியையும் லயத்தையும் வைத்துப் பாடினார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலர் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பாவலரின் தம்பி பின்னாளில் இளையராஜா என்று உலகம் அறியும் பெயரானார். ஆனால் பாவலர் பாடியது அவர்களுக்காக, அவர்கள் கேட்டார்கள். அவர்களே எழுந்து பாடுவது வேறு சங்கதி.

அந்த வேறு சங்கதிக்குக் கென்யாவில் ஓர் உதாரணம் உண்டு. லிமுரு பக்கம் தேயிலை மலையடியில் கமிரீத்து என்ற கிராமம். அங்கே முதியோர் எழுத்தறிவு வகுப்பு நடத்திய சமூக மையத்தில், 1977-ல் கூகி வா தியாங்கோவும் கூகி வா மிரீயும் எழுதிய நாடகத்தைக் கிராமத்தாரே கீக்கூயு மொழியில் நடித்தார்கள். தோட்டக் கூலிகளும் ஆலைத் தொழிலாளர்களும்தான் நடிகர்கள். ஒரு கிழவர் இப்படிப் பேசமாட்டார் என்று வசனத்தைத் திருத்தினார்கள்; திறந்தவெளி அரங்கைத் தாங்களே கட்டினார்கள். சில வாரங்களில் அரசு தடை செய்தது. அந்த வருசம் டிசம்பர் 31-ல் கூகி வா தியாங்கோ கைதானார். 1982-ல் அரங்கையே இடித்துத் தள்ளினார்கள். இந்தக் கதையை வகுப்பில் சொன்னேன். "எழுதினவரத்தான் புடிச்சாங்களா? நடிச்சவங்கள விட்டுட்டாங்களா?" என்று கேட்டார்கள். ஆபத்து எப்போதும் எழுதப் படிக்கத் தெரிந்தவரைத்தான் முதலில் தேடும் என்பதில் அவர்களுக்கு ஒரு திருப்தி.

ஒரு முறை பெரிய சண்டை வந்தது. முதலாளி மலையாளம் பேச வேண்டுமா, தமிழ் பேச வேண்டுமா? மலையாளம் பேசினால் எடுபடும். கைதட்டு நிச்சயம். போடிமெட்டைத் தாண்டியதும் 'பாண்டி' என்ற ஏச்சைக் கேட்காத யாரும் வகுப்பில் இல்லை. கீழே சாதி சொல்லி அழைக்கப்படுபவள் மேலே போனால் எல்லோரோடும் சேர்ந்து வெறும் பாண்டி. அதில் ஒரு சின்ன ஆறுதல் என்று ஒருத்தி சொன்னதும் உண்டு. ஆனால் இருந்தவர்களில் மூத்தவர் ஒரே போடாகப் போட்டார்: "எங்க மொதலாளி போடிக்காரரு. நம்ம தெருவழியாத்தான் கார்ல போறாரு. மலையாளம் பேசவிட்டா அவரு தப்பிச்சிருவாரு." மலைமேல் தோட்டம் வைத்திருப்பவர்களில் போடி, கம்பத்துத் தமிழர்களும் கணிசம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், நாடகம் என்றதும் மறந்துபோயிருந்தது. முதலாளி தமிழே பேசினார். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு கொந்தளிப்பில் தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் உயிருக்குப் பயந்து இறங்கி வந்தபோது, இந்தச் சண்டையை நினைத்துக்கொண்டேன். அந்த மாதம் மலையாள முதலாளியை மேடையேற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

நாடகத்தால் தன்னம்பிக்கை வரும், ஆளுமை வளரும் என்று திட்ட அறிக்கைகளில் எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன், எழுதாவிட்டால் அடுத்த தவணைப் பணம் வராது. உள்ளே நடந்தது வேறு மாதிரி. எங்கள் வகுப்பில் குரல் வித்தைக்காரி ஒருத்தி இருந்தாள். என் குரலை அப்படியே எடுப்பாள்; படித்த பெண்ணின் நிதானமும், சொல்லுக்கு நடுவே விடும் இடைவெளியும். ஒரு நாள் வங்கிக்குப் போனாள். வழக்கமாக "ஓரமா நில்லும்மா" என்பார்கள். அன்று என் குரலில் பேசினாள். உட்காரச் சொன்னார்கள். "எந்த ஸ்கூல் டீச்சர்?" என்று கேட்டார்களாம். வேலை உடனே முடிந்தது. வகுப்பில் அதை நடித்துக்காட்டியபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப எங்குரல்ல கேட்டா குடுக்க மாட்டானா டீச்சர்?" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. முதியோர் கல்வியில் நாடகம் சுலபமாகச் செய்துவிடக்கூடிய காரியம் அந்த வங்கிக் குரல்தான். மேல்தட்டின் நடையையும் பேச்சையும் சொல்லிக்கொடுத்துக் கதவைத் திறக்கவைப்பது. பயன் உண்டு, மறுக்கமாட்டேன். பேச்சுப் பயிற்சி, ஆளுமைப் பயிற்சி என்று பெயர் வைத்து நகரங்களில் காசு வாங்கிக்கொண்டு இதைத்தான் விற்கிறார்கள். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அந்தப் பயிற்சியில் இடமே கிடையாது. 2015-ல் மூணாறில் தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்கள் போனசுக்காகச் சாலையில் உட்கார்ந்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளி நிறுத்திவிட்டு, லயத்துத் தமிழில், யார் குரலையும் இரவல் வாங்காமல் பேசினார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தவள் இவள்தான். "அவுக யாரு மாதிரியும் பேசல, கவனிச்சீங்களா?" என்றாள்.

அறிவொளி முடிந்தது. வளர்கல்வி மையங்கள் வந்து போயின. கற்போம் எழுதுவோம், புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்று பெயர்கள் மாறின. மலைத்தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் தங்கி வேலை செய்கிறார்கள். எங்கள் பெண்களில் முழங்கால் போனவர்கள் மலை ஏறுவதை விட்டுவிட்டுப் போடியிலேயே ஸ்டோர்களில் காய் பொறுக்குகிறார்கள். தரையில் உட்கார்ந்து, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, வெடித்ததை ஒதுக்கி. கைக்கு வேலை, வாய்க்கு ஓய்வு என்பதால் ஒத்திகைக்கு இதைவிட நல்ல இடமில்லை. மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் போனதும் வசனம் ஓடும்.

அவர்கள் கடைசியாகக் கட்டிய நாடகம் ஏலத்தைப் பற்றியது. போடியில் வாசனைப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் காய் எடுத்து, காய் பொறுக்கியவர்களில் ஒருத்திகூட அதற்குள் போனதில்லை. உள்ளே என்ன நடக்கும் என்று அவர்களே கற்பனை செய்தார்கள். வரிசையாகக் கணினி, ஆளுக்கொரு பொத்தான், திரையில் ஓடும் எண். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட செய்தியைத் தெருவெல்லாம் பேசியது அவர்களுக்கு நினைவிருந்தது. நாடகத்தில் ஏலத்துக்கு வருவது காய் இல்லை. முழங்கால் தேய்ந்த ஒரு பெண் தட்டில் ஏறி உட்காருகிறாள். தரம் பார்க்கிறார்கள், பல்லைப் பார்க்கிறார்கள், நிறம் மங்கல் என்கிறார்கள். விலை ஏறவில்லை. கடைசியில் அவளே பொத்தானை அழுத்தித் தன்னை ஏலம் கேட்கிறாள்.

எவ்வளவுக்குக் கேட்பது என்பதில்தான் சிக்கல். ஒருத்தி ஒரு நாள் கூலியைச் சொன்னாள். 7,000 என்றாள் இன்னொருத்தி. மூத்தவர், "வெல சொல்லாத, ஏலத்த நிறுத்துன்னு சொல்லு" என்றார். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. கோயில் பொங்கலுக்கு மந்தையிலேயே போடுவதாக இருந்தார்கள். ஸ்டோர்க்காரர்கள் முன்வரிசையில் உட்காருவார்கள். அவர்கள் முகத்துக்கு நேரே ஏலத்தை நிறுத்து என்று யார் சொல்வது? மறுநாள் வேலைக்குப் போக வேண்டாமா? நான் வாயைத் திறக்கவில்லை. ரொம்ப நேரம் வாதாடினார்கள். பிறகு குரல் வித்தைக்காரி, நாடகத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்தாள். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜாவையே கேலி செய்தாலும் பபூனை யாரும் அடிப்பதில்லை. இடையில் பபூன் நுழையட்டும், அந்த வசனத்தை அவன் வாயில் போடுவோம் என்றாள். யார் பபூன் என்று கேட்டேன்.

"நாந்தான். ஆனா டீச்சர் குரல்ல இல்ல" என்றாள்.